காசு வைக்காமல் எடுத்த படம்

கமலநாதனுக்குப் பொறாமைக் குணம் உண்டு என்று ஜொகூரின் உலு திராமில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "இத இப்பதான் கண்டுபுடிச்சீங்களா?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரன் காலில் புதுச் சப்பாத்து போட்டு வந்த அன்று மத்தியானம் சோறு இறங்காமல் இருந்த ஆள் அவர். வளர்ந்தும் அது போகவில்லை. கட்டுமான வேலைகளில் மேற்பார்வையாளராகப் பல வருடம் வெயிலில் நின்றபோதும், தான் கட்டுவதெல்லாம் அடுத்தவன் குடியேறத்தானே என்ற நினைப்பில் பாதி ரத்தம் சுண்டிப்போயிற்று. கடைசியில் அந்தக் குணத்துக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு தொழில் வந்து வாய்த்தது.

வீடு வாங்குகிறவர்கள் வாங்குமுன் அவரைக் கூப்பிடுவார்கள். ஏணி, ரசமட்டம், ஈரம் காட்டும் கருவி, நுனியில் உருண்டை வைத்த நீளக் கம்பி எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். கம்பியால் தரையைத் தட்டிக்கொண்டே அறை அறையாக நடப்பார். டைல்ஸுக்கு அடியில் சிமெண்டு சரியாகப் பிடிக்காத இடத்தில் சத்தம் மாறும். குளியலறையில் தண்ணீரைக் கொட்டி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். கூரைக்குள் தலையை விட்டு டார்ச் அடிப்பார். குறை கண்ட இடத்திலெல்லாம் ஆரஞ்சு டேப்பை ஒட்டிக்கொண்டே வருவார். வேலை முடிகிறபோது வீடு அம்மை போட்ட பிள்ளை மாதிரி நிற்கும். உள்ளே நுழைந்தபோது எரிந்த வயிறு அப்போதுதான் அவருக்குக் குளிரும். பொறாமைப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிற தொழில் இந்த ஜொகூரில் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலில் மனிதர் சுத்தம். எந்த வீட்டிலும் குறைகள் நிறையவே இருக்கும். பூச்சு காயும்போது விழுந்த மயிரிழைக் கீறல் எது, சுவரே பிரிகிற விரிசல் எது என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை என்று அவருக்குத் தெரியும். அதனால் விரிசலைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் இருபது காசு நாணயத்தை வைத்துத்தான் எடுப்பார். நாணயம் இருந்தால் விரிசலின் அளவு தெரிந்துவிடும். இல்லாவிட்டால், கிட்டே போய் எடுத்த படத்தில் தலைமுடி கூட ஆறு மாதிரி தெரியும். "காசு வைக்காம எடுத்த படத்த யாரு காட்டினாலும் நம்பாதீங்க," என்று வாடிக்கையாளர்களிடம் அவரே சொல்வார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மனிதரின் வாழ்க்கையில் சுகுமாறன் வீடு வாங்கப் புறப்பட்டான்.

சுகுமாறன் அவருடைய சகலை. மனைவி பிரேமலாவின் தங்கை லோஷினியைக் கட்டியவன். கல்யாணத்தின்போது வீடு வீடாகப் போய் ஏர்கோன் கழுவிக்கொண்டிருந்தான். இன்றைக்குச் செடெனாக்கில் ஒரு டேட்டா சென்டரில், கட்டடம் முழுவதையும் குளிர வைக்கிற இயந்திரங்களுக்கு அவன்தான் பொறுப்பு. சட்டையில் பெயர் தைத்திருக்கும். லாயாங் லாயாங்கில் இருக்கும் மாமியார் செல்லம் வீட்டுக்கு இரண்டு ஜோடியும் போனால், காற்றாடிக்கு நேரே இருக்கிற நாற்காலி சின்ன மாப்பிள்ளைக்குப் போகும். "சின்ன மாப்பிள்ள இளச்சிட்டாரு, அந்த ஈரலெல்லாம் அவருக்கு வையி," என்று சமையலறையிலிருந்து குரல் வரும். பெரிய மாப்பிள்ளை வேர்வையோடு உட்கார்ந்து கழுத்தெலும்பைக் கடித்துக்கொண்டிருப்பார்.

இதில் தாங்க முடியாதது என்னவென்றால், சுகுமாறன் நல்லவன். வாயைத் திறந்தால் "அண்ணே" இல்லாமல் பேச்சு வராது. ஆள் கெட்டவனாக இருந்தால் திட்டியாவது ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். நல்லவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்கு அந்த வசதியும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோயில் போகிற உடுப்பில் வந்தார்கள்.

"அண்ணே, கூலாய்ல ஒரு வீடு பாத்திருக்கோம். ரெண்டு மாடி. கோர்னர் லோட்."

கோர்னர் லோட் என்ற சொல் கமலநாதனின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. வரிசையின் ஓரத்து வீடு. பக்கவாட்டில் காலி இடம் இருக்கும்.

"வீட்டுக்காரரு பினாங்குக்கே போறாராம். நான் இன்னும் ஒண்ணும் வாக்கு கொடுக்கல. நீங்க வந்து பாருங்கண்ணே. நீங்க சரின்னா வாங்குறோம். வேணாம்னா வேணாம். நீங்க சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல," என்றான் சுகுமாறன்.

அடுத்த சனிக்கிழமை கமலநாதன் கம்பியைத் தூக்கிக்கொண்டு கூலாய்க்குப் போனார். கீழ்த்தளம் முழுக்கத் தட்டினார். எங்கே தட்டினாலும் கெட்டிச் சத்தம். குளியலறைத் தண்ணீர் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாட்டம் நேரே குழிக்குள் ஓடியது. கூரைக்குள் ஒரு பொட்டு ஈரமில்லை. படிக்கட்டில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் போய் நின்றுகொண்டது. இத்தனை பேர் சேர்ந்து கட்டிய வீட்டில் ஒருத்தனாவது சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. சட்டைப் பையில் இருந்த டேப்புச் சுருள் பாதி வேலை முடிந்தும் மெலியவில்லை.

சமையலறையில் லோஷினி நின்றிருந்தாள். அகலமான ஜன்னல். வெளியே பக்கவாட்டு நிலத்தில் ஒரு மாமரம். அவள் ஜன்னல் கம்பியில் கை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அக்காவும் கல்யாணமான புதுசுல இந்த மாதிரி ஜன்னல்தானே கேட்டுச்சு? பாத்திரம் கழுவுறப்ப மரம் தெரியணும்னு சொல்லிட்டே இருக்கும்."

அவள் மனதில் ஒன்றுமில்லாமல்தான் சொன்னாள். கமலநாதனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிரேமலா கேட்டது உண்மை. அவர் வாங்கிக் கொடுத்த மலிவு விலை வரிசை வீட்டில் பாத்திரம் கழுவும்போது தெரிவது சுவர். கேட்டவளுக்குக் கிடைக்காதது கேட்காதவளுக்குக் கிடைக்கப் போகிறது. அதற்குச் சரி என்று தலையாட்ட வேண்டியது அவர்.

மாடிக்குப் போனார். பெரிய படுக்கையறைக் கதவுக்கு மேலே, நிலையின் மூலையிலிருந்து ஒரு கீறல் சாய்வாகப் போயிருந்தது. விரல் நகத்தால் தடவினார். நகம் சிக்கவில்லை. வெறும் பூச்சுக் கீறல். கொஞ்சம் பட்டி பூசிச் சாயம் அடித்தால் காணாமல் போகும். வழக்கப்படி கை பைக்குள் போய் இருபது காசைத் தொட்டது. தொட்ட கை அங்கேயே நின்றது.

பிறகு கை வெறுமையாக வெளியே வந்தது. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். கீறலுக்கு நிழல் விழுந்தது. கைப்பேசியைக் கிட்டே, இன்னும் கிட்டே கொண்டுபோய் ஒரு படம் எடுத்தார்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் சுகுமாறன் படத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. "அண்ணே, என்னாண்ணே இது? பொளந்து கெடக்கு?"

"விரிசல்."

"ஆபத்தா?"

"ஒரு விரிசல் நாளைக்கே பெருசாகாது தம்பி. ஆனா பெருசாகவே ஆகாதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நீங்களா இருந்தா வாங்குவீங்களா?"

"நான் வாங்க மாட்டேன்," என்றார் கமலநாதன். அதில் பொய்யே இல்லை. அவரால் வாங்க முடியாது.

சுகுமாறன் மேலே ஏறிப் போய் ஒரு தடவை பார்த்திருக்கலாம். இரண்டாவது கேள்வி கேட்டிருக்கலாம். அவன் எதுவும் செய்யவில்லை. "அந்தப் படத்த எனக்கு அனுப்பி வைங்கண்ணே. அப்ப இது வேணாம்லா," என்று முடித்துவிட்டான். லோஷினி காரில் ஏறுமுன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் அந்த வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்று பிரேமலா சொன்னாள். "பாவம்ங்க, லோஷினி ரெண்டு நாளா அழுதாளாம்." கமலநாதன் "அப்படியா" என்று கேட்டுவிட்டு இன்னும் இரண்டு இடியாப்பம் போட்டுக்கொண்டார். பல மாதங்களாகச் சரியாக வராத தூக்கம் அந்த வாரம் அவருக்கு நன்றாக வந்தது. தான் எதுவும் பொய் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னோம் என்று குளிக்கும்போதும் கார் ஓட்டும்போதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரே விஷயத்தை மனிதன் அத்தனை தடவை எதற்காகச் சொல்லிக்கொள்வான் என்று அவர் யோசிக்கவில்லை.

மனசு குளிர்ந்தால் வாய் நீளும். மைத்துனியும் சகலையும் சாப்பிட வந்த இன்னொரு ஞாயிறு, தன் வீட்டுச் சுவரை உள்ளங்கையால் தட்டிக்காட்டினார்.

"புது வீடு, ரெண்டு மாடின்னு எதுக்கு அலையிற? எங்க வரிசைய பாரு. அந்தக் காலத்து வேலை. ஆணி அடிச்சா ஆணிதான் வளையும்."

பிரேமலா சாதம் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் காரணம் சமையலறையில் தொங்கியது. பெரிய தமிழ் நாள்காட்டி, மளிகைக் கடையில் தீபாவளிக்குக் கொடுத்தது. அது தொங்கிய இடம்தான் பழைய வீடும் பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறையும் சேருகிற மூலை. நீட்டிக் கட்டியபோது பக்கத்து வீட்டுப் பாக் மானும் அவரும் ஒரே ஆளைப் பிடித்து, ஒரே நேரத்தில், பழைய லோங்காங்கை மண் போட்டு மூடிய இடத்தின்மேல் கட்டினார்கள். சாக்கடை ஓடிய மண் சும்மா இருக்குமா? சமையலறை பின்பக்கமாக இறங்க, மூலை வாயைப் பிளந்தது. கமலநாதன் இரண்டு தடவை பட்டி வைத்து அடைத்துப் பார்த்தார். திரும்பத் திரும்பத் திறந்தது. ஊரார் வீட்டு விரிசலைக் கண்டுபிடித்துப் பிழைக்கிறவர் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் மானம் போய்விடும். அதனால் வருடா வருடம் நாள்காட்டி மாறியது, இடம் மாறவில்லை.

அந்தச் சாப்பாட்டுக்குச் சில வாரம் கழித்து, சுகுமாறன் லட்டுப் பெட்டியோடு உள்ளே ஓடி வந்தான். பின்னால் லோஷினி, வாயெல்லாம் பல்.

"அண்ணே, வாயத் தொறங்க. பாக் மான் வீட்ட நாங்க வாங்குறோம்! அவரு மூவார்ல மக வீட்டுக்குப் போறாரு. திங்கக்கிழம கையெழுத்து."

லட்டு கமலநாதனின் வாயில் கரையாமல் நின்றது. குற்ற உணர்ச்சியோ பயமோ முதலில் வரவில்லை. இந்த மனிதரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்: முதலில் வந்தது பொறாமை. பாக் மான் வீட்டின்மேல் சுகுமாறன் மாடி எடுப்பான். அதன் நிழல் இவர் வீட்டு வாசலில் விழும். மாமியார் செல்லம் பஸ்ஸை விட்டு இறங்கி, இவர் வாசலைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போவாள். கூலாய்க்கு அனுப்பாமல் தடுத்த சந்தோஷத்தைத் தானே கைப்பிடித்து அழைத்துவந்து பக்கத்து வாசலில் உட்கார வைத்தாயிற்று. இனிச் சாகும்வரை வேலியைத் தாண்டிப் பார்த்துப் பார்த்து வயிறெரிய வேண்டியதுதான்.

"ஒரு தடவ பாத்துடலாமே தம்பி. கருவியெல்லாம் கார்லதான் இருக்கு."

"எதுக்குண்ணே? இந்த வரிசைய பத்தி நீங்கதான் சொன்னீங்களே. அதுவுமில்லாம ஒங்க பக்கத்துல இருந்தா எனக்கு ஒரு தைரியம். கூலாய்ல மட்டும் நீங்க இல்லாட்டி அந்த ஒடஞ்ச வீட்ல போய் மாட்டியிருப்போம்."

"அம்மாவயும் கூட்டிட்டு வந்துரப் போறோம் மாமா," என்றாள் லோஷினி. "தனியா எத்தன நாளைக்கு இருக்கும்? கிச்சன ஒட்டி பாக் மான் கட்டின பின் ரூம் இருக்குல்ல, அதுலதான் அம்மாவுக்குக் கட்டில்."

பின் அறை. கமலநாதனுக்கு அந்த அறை நன்றாகத் தெரியும். சுவர் அலமாரிக்குப் பின்னால் பாக் மானும் ஒரு விரிசலை மறைத்து வைத்திருந்தார். இரண்டு பேரும் வேலியோரம் நின்று அதைப் பற்றிப் பேசிப் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். அந்த அறையின் பின்சுவர் வருடத்துக்கு வருடம் சாய்கிறது. அதற்கு அடியில் செல்லத்தின் தலையணை. ஈரல் கொடுக்காத மாமியார்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், போகட்டும் என்று கூட அவர் மனசு சொன்னது. சொன்ன வேகத்தில் அவருக்கே உடம்பு கூசியது.

"பாக் மான் கிச்சன் கொஞ்சம் எறங்கியிருக்கு தம்பி," என்றார் மெதுவாக.

சுகுமாறன் சிரித்தான். "ஒங்க கிச்சனும் அதுவும் ஒரே ஆளு கட்டினதுன்னு பாக் மான் சொன்னாரே. ஒங்களுது ஜம்முனு இருக்குல்ல? அப்புறம் என்னாண்ணே?"

பிரேமலா கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டுக் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நினைத்தால் சிரித்து மழுப்பியிருக்கலாம். திங்கட்கிழமை கையெழுத்து முடிந்திருக்கும்.

கமலநாதன் எழுந்து சமையலறைக்குப் போனார். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். நாள்காட்டியைக் கழற்றிக் கீழே வைத்தார். உத்தரத்திலிருந்து இடுப்பு உயரம்வரை சுவர் பிளந்து கிடந்தது. மேலே போகப் போக அகலம். லோஷினி "அலாமாக்" என்று வாயில் கை வைத்தாள்.

அவர் பையிலிருந்து இருபது காசை எடுத்தார். பக்கத்தில் வைத்துப் பிடிக்கப் போனவர், நாணயத்தைத் திருப்பி விளிம்போடு விரிசலில் வைத்து விரலை எடுத்தார். அது உள்ளே போயிற்று. சுவருக்குள் எங்கோ கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"பாக் மான் வீட்லயும் இதே கததான். வாங்காத. அத்தய இதுல படுக்க வைக்காத."

சுகுமாறன் விரிசலை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ரெண்டாவது தடவ காப்பாத்திட்டீங்க. சொந்த வீட்டுக் குறைய யாருண்ணே இப்படிக் காட்டுவா? அன்னைக்கு கூலாய் வீடு, இன்னைக்கு இது..."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நன்றி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"கூலாய் வீட்ல ஒண்ணுமில்ல."

"என்னாண்ணே?"

"அந்த விரிசல்ல காசு போகாது. நகம் கூட போகாது. வெறும் பூச்சுக் கீறல். காசு வைக்காம கிட்ட போய் எடுத்தேன். நான் பாத்த வீட்லயே நல்ல வீடு அதுதான்."

"அப்ப ஏன் வேணாம்னீங்க?"

கமலநாதன் கீழே கிடந்த நாள்காட்டியைப் பார்த்தார். "பொறாம," என்றார். "ஒனக்குக் கெடைக்குதேன்னு வயிறெரிஞ்சுச்சு. வேற ஒண்ணுமில்ல."

அடுப்பில் எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் அதை அணைக்கப் போகவில்லை. லோஷினிதான் பேசினாள். அவள் குரலில் கோபம் கூட இல்லை.

"அந்த ஜன்னல் பக்கத்துல அக்காவுக்கு ஒரு நாற்காலி போடணும்னு நெனச்சு வச்சிருந்தேன் மாமா. வர்றப்பல்லாம் ஒக்காந்து மரத்த பாக்கட்டும்னு."

பிரேமலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுகுமாறன் கார்ச் சாவியைக் கையில் எடுத்தான். வாசல்வரை போய்த் திரும்பி, "வர்றோம்," என்று மட்டும் சொன்னான். கல்யாணமான நாள் முதல் அவன் அவரிடம் "அண்ணே" சேர்க்காமல் விடைபெற்றது அதுதான் முதல் தடவை.

லட்டுப் பெட்டி எறும்பு ஏறும்வரை மேசையில் இருந்தது. நாள்காட்டி மறுபடியும் சுவருக்கு ஏறவில்லை. பிரேமலா ஒரு வாரம் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பாக் மான் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

பல மாதம் கழித்து ஒரு காலையில் குடும்ப வாட்ஸாப்பில் வரிசையாகப் படங்கள் வந்து விழுந்தன. சுகுமாறன் வேறு வீடு பார்த்திருந்தான். கூலாய்தான், ஆனால் ஓரத்து வீடு இல்லை. வரிசையின் நடுவில் ஒரு மாடி வீடு. வீட்டைச் சோதிக்க ஜொகூர் பாருவிலிருந்து வேறோர் ஆள் வந்திருந்தார். அவர் ஒட்டிய டேப்பு, அவர் படம் எடுத்த விரிசல்கள். கமலநாதன் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு விரிசலுக்கும் பக்கத்தில் ஓர் இருபது காசு. நாணயத்தைப் பிடித்திருந்த விரல்களை அவருக்குத் தெரியும். சுகுமாறனின் விரல்கள்.

கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தான். "தயானந்தன் அண்ணன் ரொம்ப பொறுமையா பாத்தாரு. அவரு சரின்னுட்டாரு, வாங்குறோம்."

கமலநாதன் அந்த வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகம் தெரியாத அந்த மனிதர் சுவரைத் தட்டுவதையும், சுகுமாறன் பக்கத்தில் நின்று அண்ணே அண்ணே என்று கேட்பதையும், அவர் சொன்னதற்கு மேல் பேச்சில்லாமல் தலையாட்டுவதையும் நினைத்துப் பார்த்தார். அடிவயிறு பழையபடி எரிந்தது. வீட்டை நினைத்து இல்லை.

"வீடு எப்படிங்க?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் பிரேமலா.

"நல்ல வீடு," என்றார் அவர்.